ஐந்துக்கு ஐந்து

ஐந்துக்கு ஐந்து. இந்த மாதமும் ஓனுகிதான்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. கைதட்டாதவர் முராசே ஒருவர்தான். அவருக்கு ஐந்துக்கு மூன்று, இரண்டாம் இடம். மூன்று மாதமாக இதே கதை.

ஜப்பானின் குராஷிகி ஊரில் பழைய வாள் சேகரிப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில் கூடுவார்கள். உறை கழற்றிய ஐந்து வாள்கள் வரிசையாக இருக்கும். கொல்லர் பெயர் வெட்டியிருக்கும் அடிப்பகுதியை மட்டும் துணி சுற்றி மறைத்திருப்பார்கள். விளக்கடியில் ஏந்திப் பார்த்து, யாருடைய வேலை என்று சீட்டில் எழுத வேண்டும். வாள்களைத் தேடிக் கொண்டுவருவதும் சீட்டைத் திருத்துவதும் கசாமா என்ற பெண்மணி. வாளுக்கு மெருகேற்றுவது அவர் தொழில்.

முராசேக்குச் சந்தேகம் சும்மா வரவில்லை. ஓனுகிக்கு வயது எண்பத்து நாலு. இன்று டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். பக்கத்தில் இருந்த ஹமானோ, "என் கை தட்டிடுச்சு, மன்னிச்சிடுங்க" என்று அவசரமாகத் துடைத்தார். யார் கையும் தட்டவில்லை. முராசே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வாளை எடுத்தாலும் ஓனுகி விளக்குப் பக்கமே திரும்புவதில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, ஒருமுறை ஏற்றி இறக்கி, அப்படியே நிற்பார். பிறகு சீட்டு. எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். பதில் மட்டும் தப்பாது.

கண் தெரியாதவர், கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய போட்டியில் ஜெயிக்கிறார். விடை தெரிந்தவரோ ஒரே ஒருவர்.

எல்லாரும் கிளம்பும்வரை முராசே காத்திருந்தார். கசாமா வாள்களைத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க முராசே சார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கூர் அந்தப் பக்கம் இருக்கு."

"ஓனுகி சாருக்குப் பார்வை போயிடுச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வருஷக் கடைசியிலேருந்தே."

"அப்ப பதிலை நீங்கதான் சொல்லித் தர்றீங்க."

கசாமாவின் கை நிற்கவில்லை. "ஒரு பேரைக்கூட நான் சொன்னதில்லை."

"வயசானவர், பாவம்னு செஞ்சிருப்பீங்க. ஆனா நாங்க மாசம் பூரா புத்தகத்தைப் புரட்டிட்டு வந்து உக்கார்றோம். இப்படின்னா அடுத்த மாசத்திலேருந்து நான் வரலை. ஏன் வரலைன்னு எல்லாருக்கும் எழுதிட்டுத்தான் நிப்பேன்."

கசாமா வாளை உறையில் போட்டார்.

"அவர்கிட்ட முன்னாடி எத்தனை வாள் இருந்துச்சு, தெரியுமா?"

"நான் இந்த ஊருக்கு வந்தே நாலு வருஷம்தான். நிறைய இருந்துச்சுன்னு சொல்வாங்க."

"முப்பத்தெட்டு. ஆறு வருஷம் முன்னாடி சொந்த வீட்டை விட்டுட்டு மகன் ஃபிளாட்டுக்குப் போனார். மருமகளுக்கு வீட்டுல வாள் இருந்தா பயம். ஒண்ணு விடாம வித்துட்டார். ஒவ்வொண்ணையும் முப்பது, நாப்பது வருஷம் துடைச்சு எண்ணெய் போட்ட கை அது."

முராசே வரிசையாக இருந்த ஐந்தையும் பார்த்தார்.

"இதெல்லாம்..."

"அவரோடதுதான். மூணு மாசமா நான் எடுத்துட்டு வர்றது பூரா அவரோடதுதான். வாங்கினவங்க வீடு வீடா போய் இரவல் கேட்டேன். கண்ணு தெரியலை, இனிமே கூட்டத்துக்கு வந்து என்ன செய்யப்போறேன்னார். வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை. இதுக்கு அவருக்குக் கண் வேண்டாம். கையில எடுத்தாலே போதும்."

"யார் கொடுத்தாங்க?"

கசாமா அன்றைய சீட்டுகளை அவர் முன்னால் பரப்பினார்.

"முதல் வாள் ஹமானோ சாரோடது. அவர் சீட்டைப் பாருங்க."

முதல் வாளுக்கு ஹமானோ எழுதியிருந்தது தப்பு.

கசாமா சொந்தக்காரர் பெயரைச் சொல்லச் சொல்லப் பார்த்தால், மற்ற நாலும் அப்படியேதான். இரண்டாவது வாளின் சொந்தக்காரர் இரண்டாவதைக் கோட்டைவிட்டிருந்தார், மூன்றாவதின் சொந்தக்காரர் மூன்றாவதை. ஆறு வருஷமாகத் தங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் வாளை ஐந்து பேருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"தெரிஞ்சே தப்பா எழுதறாங்களா?"

"ஆளாளுக்குத் தன் வீட்டு வாளைத் தப்பாம எழுதினா, அவங்கவங்க கொண்டுவந்ததுதான்னு வெளியில தெரிஞ்சிடுமே. தனக்காகத்தான் இத்தனையும்னு ஓனுகி சார் கூச்சப்பட்டு வராமலே இருந்துடுவார்."

"அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் வாளாச்சே."

"தெரியாம என்ன? நாம எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தாத்தான், அவரும் தெரியாத மாதிரி இருந்துக்க முடியும்."

ஜன்னலுக்குக் கீழே, பஸ் நிறுத்தம்வரை ஓனுகியைக் கைபிடித்துக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார் ஹமானோ. ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்கிட்ட மட்டும் ஏன் யாரும் சொல்லலை?"

"விதின்னா விதின்னு நிப்பீங்க. சொல்ல எங்களுக்குப் பயம்." கசாமா கொஞ்சம் தயங்கினார். "ஆனா நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றதாத்தான் இருந்தேன். அடுத்த மாசத்துக்கு நாலுதான் கிடைச்சிருக்கு. அஞ்சாவது, நீங்க ஹிமேஜி கடையில வாங்கினீங்களே, அந்தக் குட்டை வாள். அதுவும் அவரோடதுதான்."

அந்த வாளை முராசே இதுவரை மனைவியைக்கூடத் தொடவிட்டதில்லை.

பஸ் வந்தது. ஓனுகி படியைக் காலால் தேடி ஏறினார்.

"கொண்டுவர்றேன்" என்றார் முராசே. "ஆனா நான் தப்பா எழுதினா அவர் நம்பணுமே. நம்பற மாதிரி ஒரு தப்புப் பேர் சொல்லுங்க."