பச்சை மேடு

திரையில் கோடு ஏறத் தொடங்கியது.

ஏறட்டும், எத்தனை பார்த்தாயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருட்டறை. ஏசி ஓடும் சத்தம் மட்டும். லேசருக்கு எதிரே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிலிக்கான் சில்லு. அதன்மேல் லட்சக்கணக்கில் துத்தநாக ஆக்சைடு கம்பிகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெலிவு. கண்ணுக்குத் தெரிவதென்னவோ ஒரு சாம்பல் பூச்சுதான்.

லேசர் பட்டால் கம்பிகள் ஒளிரும். ஒழுங்காக வளர்ந்திருந்தால் ஊதா. உள்ளே குறை இருந்தால் பச்சை.

மூன்று வருடமாக அவளுக்குப் பச்சைதான்.

ஊதா ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பச்சை, பந்தியில் தொந்தியோடு உட்காரும் மாமா மாதிரி, நடுவில் மேடு தட்டி அமர்ந்துவிடும். ஆய்வகத்தில் அவளுக்கே அதுதான் பட்டப்பெயர். பச்சை மேடு.

வெயிலை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எரிபொருள் எடுப்பதற்கான கம்பிகள் இவை. குறையுள்ள கம்பி, வாங்கிய வெளிச்சத்தைப் பாழடித்துவிடும். பதினெட்டாம் தேதி கடைசிக் கருத்தரங்கு. அதற்குள் நல்லதாக ஒன்றாவது காட்டவில்லை என்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஊதா ஏறியது.

ஏறிக்கொண்டே போனது.

பச்சை வரவேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

அவள் நம்பவில்லை. ஒளி வடிகட்டியை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. வேறு யாருடைய சில்லோ என்று இடுக்கியால் திருப்பினாள். முதுகில் வைர ஊசியால் அவளே கீறிய எண். நாற்பத்தேழு.

மறுபடி ஓட்டினாள். ஊதா.

இன்னொரு ஓரத்தில் ஓட்டினாள். ஊதா.

அழுகை வந்தது. இருட்டு அதற்கு வசதியாக இருந்தது.

கண்ணைத் துடைத்த பிறகுதான் கேள்வி வந்தது. எப்படி? அதே தூள், அதே தங்கப் பூச்சு, அதே தொள்ளாயிரம் டிகிரி. எதையும் மாற்றவில்லையே.

நேற்று மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்றார்கள். உலையை ஓடவிட்டுவிட்டு அவள் ஓடினாள். காலையில் வந்தபோது சில்லு அவள் மேசையில், மூடிய தட்டில் இருந்தது.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உலை ஒன்று, ஆட்கள் ஒன்பது. ஆளுக்கு மூன்று மணி நேரம். நேரம் முடிந்ததும், அறுநூறு டிகிரிக்கு இறங்கிய சூட்டோடு மூடியைத் திறந்து, நீண்ட இடுக்கியால் சில்லை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். முந்தினவர் இல்லையென்றால் அடுத்தவரே எடுத்து வைத்துவிடுவார்.

அடுத்தவன் சேவுகன். பக்கத்து ஆய்வகத்துப் பையன். அவனும் இதே கம்பிதான் வளர்க்கிறான். அவனுக்கும் பதினெட்டாம் தேதிதான்.

போன வாரம் உலைக் குழாயில் கீறல் விழுந்ததற்கு, அத்தனை பேர் முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். கீறியது அவனில்லை என்று மறுநாள் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

உலை அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள்.

நேற்று இரண்டிலிருந்து ஐந்து வரை அவள் பெயர். ஐந்திலிருந்து எட்டு வரை சேவுகன்.

வெப்பநிலைக் கட்டத்தில் அவன் எப்போதும் எழுதும் 900 இல்லை.

'600லிருந்து 30. தானாக. ஆக்சிஜன் ஓடுகிறது. மூடி திறக்கவில்லை.'

அவனுடைய மூன்று மணி நேரம். மொத்தமும் அவள் சில்லுக்கு.

ஒருநாள் கேன்டீனில் அவள் புலம்பியிருக்கிறாள். சூட்டோடு பிடுங்குவதால்தான் இந்தக் குறை வருகிறது, ஒரு தடவையாவது ஆக்சிஜனில் தானாக ஆறவிட்டுப் பார்க்க வேண்டும், இந்த உலையில் அதற்கெல்லாம் யாருக்குக் கொடுப்பினை என்று. மேசையின் கடைசியில் அவன் தோசை தின்றுகொண்டிருந்தான். காது கொடுத்துக் கேட்டானென்று அவள் நினைக்கவேயில்லை.

போன் போட்டாள். மன்னிப்பு முதலிலா, நன்றி முதலிலா என்று தெரியாமல் அவன் பெயரை மட்டும் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, உடனே எடுக்காம விட்டுட்டேன். நீங்க அழுதுகிட்டே ஓடுனீங்களா, சூட்டோட பிடுங்க மனசு வரல. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

விட்டுவிட்டது என்றாள். இந்தக் கட்டடத்தில் தனக்கென்று ஒருவர் நின்றிருக்கிறார் என்பதே நெஞ்சை நிறைத்துவிட்டது.

பதிவேட்டைப் புரட்டினாள். பதினெட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் இன்னும் ஒரே ஒரு முறை. வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு சேவுகனுக்கு. அதையொட்டி, இரண்டிலிருந்து ஐந்து, அவளுக்கு.

ஒரு தடவை வந்தால் தற்செயல், இரண்டாம் தடவையும் வந்தால்தான் நம்புவேன் என்று அவளுடைய வழிகாட்டி சொல்வார். இரண்டாம் தடவைக்கு அவள் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். வெப்பநிலைக் கட்டத்தில் 900 என்று ஆசை ஆசையாக முன்பே எழுதி வைத்திருந்தாள்.

பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அந்த 900ஐ அடித்தாள். இடம் சின்னது. எழுத்தைப் பொடியாக்கி எழுதினாள்.

'600லிருந்து 30. தானாக. உள்ளே சேவுகன் சில்லு.'