பின்தொடர்பவர் ஒருவர்

"யாருங்க அது? கண்ணு முழிச்சதும் என் மூஞ்சியைக்கூடப் பார்க்காம அந்த ஆள்கிட்டதான் ஓடறீங்க. மூணு மாசமா இதே கூத்து!"

போர்வையை உதறி மடித்தபடியே மனைவி கேட்டாள். அவர் போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டார்.

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது."

"நல்லா இருக்கு. ஊரு பேரு தெரியாத ஆளு பின்னாடி, இந்த வயசுல!" தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவருக்கு வேலை நாற்காலி விற்பது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று படியேறி இறங்கி, அடுத்தவர் உட்காருவதற்காக நாள் முழுக்க நிற்கிற பிழைப்பு. இருபத்தாறு வருடத்தில் நாக்கு வறண்டுவிட்டது. முழங்கால் அதற்கு முன்பே விடை பெற்றுவிட்டது.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். சமூக வலைத்தளத்தில் அவரை நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். கோட்டு மாட்டிக் கைகட்டி நிற்கிற படம், கீழே 'வெற்றி உன் வாசலில்!' என்று ஒரு முழக்கம். தினமும் தவறாது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் அவர்தான் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"விற்பனை, மார்க்கெட்டிங் பத்தி உருப்படியா பேசறவங்க பத்து பேரைத் தேடிப் பிடிச்சு ஃபாலோ பண்ணுங்க. யார் யாருன்னு திங்கட்கிழமை எனக்கு எழுதிக் கொடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினார். ஒருத்தர் விடியற்காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார். இன்னொருத்தர் ஏழே நாளில் கல்லையும் கரைக்கக் கற்றுத் தருவதாகச் சத்தியம் செய்தார். மூன்றாமவர் யாருடைய காரிலோ சாய்ந்து நின்று கத்தினார். காது வலித்ததுதான் மிச்சம்.

போனை அணைக்கப் போன நேரத்தில் 'தேய்ந்த செருப்பு' கண்ணில் பட்டது. படம் கிடையாது, சொந்தப் பெயர் கிடையாது. இரண்டே வரி. 'இன்று ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். ஆறாவது ஆள் மட்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.'

மூன்று முறை படித்தார். பின்தொடர்பவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினார். ஒன்று ஆனது.

திங்கட்கிழமை மற்ற எல்லார் தாளிலும் முதல் பெயர் மேனேஜருடையது. பிழைக்கத் தெரிந்தவர்கள். இவர் தாளில் ஒரே பெயர்.

"பத்து கேட்டா ஒண்ணு எழுதியிருக்கீங்க. இது யாரு சார், அட்ரஸ் இல்லாத ஆளு?"

"ஆளு தெரியாது சார். ஆனா சொல்றது நிஜம்."

"அடுத்த வாரம் பத்தும் வரணும்," என்றார் மேனேஜர். அடுத்த வாரம் ஏனோ கேட்கவில்லை.

போன வாரம் மேனேஜரும் அவருடன் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்திருப்பவர்களுக்கு அறுபது நாற்காலி, நல்ல ஆர்டர். பெரிய டாக்டரின் அறைக்கு எதிரே இரண்டு மணி நேரம் தவம் கிடந்தார்கள். "டாக்டர் வெளியே போயிருக்காரு," என்றாள் வரவேற்பறைப் பெண்.

மேனேஜர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டி நிமிர வெகு நேரம் ஆனது. வாசலுக்கு வந்ததும் சிரித்தபடி செல்ஃபி எடுத்து, 'இன்னொரு அற்புதமான சந்திப்பு!' என்று போட்டார். இரண்டாயிரம் பேர் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை தேய்ந்த செருப்பில் இப்படி இருந்தது: 'வெளியே போயிருக்கிறார் என்றார்கள். கதவுக்குக் கீழே அவர் கால் தெரிந்தது.'

எங்கே போனாலும் இதே கதைதானா என்று பெருமூச்சு விட்டார். யார் பெற்ற பிள்ளையோ, நம்மைப் போலவே நாயாய் அலைகிறது.

இன்று காலை வந்திருந்ததும் இரண்டே வரி. 'வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை.'

இந்த ஆளே ஓய்ந்துவிட்டான் என்றால் நான் எம்மாத்திரம் என்று தோன்றியது. காபி ஆறுவதற்குள் ராஜினாமா கடிதத்தை எழுதி முடித்தார்.

மனைவி வாங்கிப் படித்தாள். மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "உங்க முட்டி இதைச் சொல்லி நாலு வருஷம் ஆச்சு. போய் கொடுத்துட்டு வாங்க."

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"முடிவே பண்ணிட்டீங்களா சார்?"

"ஆமா சார். உடம்பு கேட்க மாட்டேங்குது. இத்தனை நாள் வித்த நாற்காலியில இனிமே கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கிறேன்."

மேனேஜர் சிரிக்கவில்லை. மேசையில் அவர் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. காலையில் போட்ட கோட்டுப் படத்துக்கு வந்து குவிகிற பாராட்டு. அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தபோது, அவருக்கும் ஐம்பது வயது ஆனதுபோல இருந்தது.

"வேலையை விடுங்க, நான் தடுக்கலை. ஒரே ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க சார்."

"தேய்ந்த செருப்பை மட்டும் விட்டுடாதீங்க. நீங்களும் போயிட்டா, நான் யாருக்கு சார் எழுதறது?"