பதினொன்று நாற்பது

“கம்ப்யூட்டர்ல பழசைத் துடைச்சு எடுத்துரு மோளே. புதுசு மட்டும் போதும்” என்றார் ஏலியம்மா.

“அம்மச்சி, அதுலதான் அப்பச்சனோட கடிதம் இருக்கு!” ரெஞ்சி குறுக்கிட்டான். “ஏழு நாள்கூட முழுசா ஆகல. அதுக்குள்ளயா?”

“பிடிவாதத்துல நீ அப்படியே உன் அப்பச்சன்தான்.”

பக்கத்து வீட்டு ஜிஷா மவுசிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டையும் அருகருகே போட்டுக்கொடுத்தவள் அவள்தான். இறந்துபோன அப்பச்சனுக்குப் பழைய விண்டோஸ். மலையாளத்தில் அடிக்க அதுதான் அவருக்குக் கைப்பழக்கம். ஏலியம்மாவுக்குப் புதிய லினக்ஸ். குவைத்திலிருக்கும் மகன் ரெஞ்சியை வீடியோவில் பார்க்க. சர்ச்சுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்ட மகனோடு அப்பச்சன் நாலு வருஷமாகப் பேசவில்லை. அவர் எழுந்து போன பிறகுதான் அந்தத் திரையில் மகன் முகம் வரும்.

“நகல் எடுத்துத் தரேன் சேட்டா.”

“வேணாம். அவர் எழுதின இடத்துலயே இருக்கட்டும்.”

ரெஞ்சி கடிதத்தைத் திறந்தான். மூன்றே வரி. ‘மோனே, என் கோபம் தீர்ந்தது. மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. இது உன் வீடு.’

“அப்பச்சன் போன அன்னிக்கு, நம்மூர் நேரம் காலையில பத்து மணிக்கு ஃபோன்ல கூப்பிட்டேன் ஜிஷா. என் குரலைக் கேட்டதும் வச்சுட்டார். மதியம் ஒரு மணிக்குப் போயிட்டார். இதை எப்ப எழுதினார்னு பாரு. நான் கூப்பிட்டதுக்கு முன்னாடின்னா, என் குரல் கேட்டு மறுபடியும் கோபம் வந்துருச்சுன்னு அர்த்தம்.”

ஜிஷா பார்த்தாள். அதே தேதி. “பின்னாடிதான் சேட்டா. பதினொன்று நாற்பது.”

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு எழுந்து முகம் கழுவப் போனான்.

ஜிஷா அப்போதுதான் திரையின் மூலையைக் கவனித்தாள். காலை பத்தரை என்றிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மாலை நாலு.

“அம்மச்சி” என்றாள் மெதுவாக. “ரெண்டுக்கும் கடிகாரம் ஒண்ணுதான். புதுசு அதை லண்டன் நேரத்துக்கு வச்சிடும். பழசு அதையே நம்மூர் நேரம்னு நம்பிடும். அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். சரி பண்ணாம விட்டது என் தப்பு.”

ஏலியம்மாவின் உதடுகள் பதினொன்று நாற்பதோடு அஞ்சரையைக் கூட்டிப் பார்த்தன.

“அவன்கிட்ட சொல்லப் போறியா?”

“கடிகாரத்தைச் சரி பண்ணிட்டேன். இனி யாருக்கும் தெரியாது.”

ஏலியம்மா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரை ஹால்ல கிடத்தி, எல்லாரும் ஜெபம் சொல்லிட்டிருந்தாங்க. நான் இந்த அறையைச் சாத்திக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிச்சேன்” என்றார். “இன்னும் நாலு நாள் இருந்திருந்தா அவரே எழுதியிருப்பார் மோளே.”