மாமனார் கடிகாரம்

"இந்தப் பீடைய முதல்ல கண்காணாம எடுத்துட்டுப் போங்க. மாமனார் செத்தும் இதுக்குள்ளயே உக்காந்திருக்காரு!"

மருமகள் போட்ட சத்தத்தில் கடிகார ரிப்பேர்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கட்டிலில் கிடக்கும் மாமியார் காதில் விழுமே என்ற கூச்சம்கூட அவளுக்கு இல்லை. பாவம், பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு வாயும் இல்லை, நடையும் இல்லை. கண் மட்டும் மேஜையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சலவைக்கல் பீடம். அதன் மேல் தங்கமுலாம் பூசிய வெண்கலப் பெண் ஒருத்தி, ஜாடியில் சாய்ந்து தலை குனிந்திருந்தாள். இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி.

"என்ன கோளாறு சார்?"

மகன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாவ முதியோர் இல்லத்துல சேக்கறதப் பத்திப் பேசினா நின்னுடுது. மத்த நேரமெல்லாம் நல்லா ஓடுது. அப்பாவுக்கு இதுன்னா உசிரு."

"நல்ல கதை போங்க சார்!"

ரிப்பேர்காரர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பீடத்தின் மேல் ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து நிறுத்தி, பெண்டுலத்தை ஆட்டிவிட்டார். ஜோராக ஓடியது.

மருமகள் துணியோடு வந்து பீடத்தைத் துடைத்தாள். "என்னங்க, நாளைக்கு வண்டி வருதுல்ல?"

என்ன அவசரம் பார் இவளுக்கு! ரிப்பேர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்துரும். இல்லத்துலயும் சொல்லியாச்சு. காலையிலயே அம்மாவக் கூட்டிட்டு..."

டிக்... டக்டிக்... டிக்...

நின்றுவிட்டது.

ரிப்பேர்காரரே ஓரடி பின்வாங்கினார். கட்டிலில் அந்த அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்தது.

மகன் முகம் வெளுத்துப்போனான். "வேணாம்ப்பா... அம்மாவ அனுப்பலப்பா..." என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டியை வர வேண்டாமென்று சொல்லச் செல்போனோடு வெளியே ஓடினான்.

ரிப்பேர்காரர் மறுபடி ரசமட்டத்தை வைத்தார். ஒரு பக்கம் நூலளவு தூக்கியிருந்தது. இந்த மாதிரிக் கடிகாரம் நின்றுபோக அது போதும். பீடத்துக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார்.

ஹேர்பின்.

நிமிர்ந்து பார்த்தார். மருமகளின் நெற்றியில் முடி அவிழ்ந்து விழுந்திருந்தது.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணா." மாமியாரின் கண்ணைத் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். "அத்தைய நான் பாத்துக்கறேன், அனுப்பாதீங்கன்னு கால்ல விழாத குறையா கெஞ்சிட்டேன். உசிரோட இருக்கறவ பேச்சு அவர் காதுல ஏறல. செத்தவங்க சொன்னாத்தான் கேக்கறாரு."