பின்னல் போட்ட பேய்

சினிமாவுக்கு விக் செய்து தரும் விக்காரரிடம் இருந்த பழைய பேய் விக், அவர் மனைவி சாவதற்கு முன் வெட்டிக் கொடுத்த கூந்தலில் செய்தது. இருபது வருடமாக எத்தனையோ படத்தில் பேயின் தலை அதுதான். மாலையில் விரித்துப் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். காலையில் திறந்தால் இறுக்கமாகப் பின்னியிருக்கும். தலைவிரி கோலம் அவளுக்கு ஆகவே ஆகாது. "சும்மா இரேன்டி" என்று சொல்லிக்கொண்டே அவிழ்ப்பார்.

புது டைரக்டர் வந்தார். "தலைய விரிச்சுப் போட்டுட்டு பேய் வந்தா இப்பல்லாம் தியேட்டர்ல சிரிக்கிறாங்கண்ணே. இந்த விக்கைத் தூக்கிப் போட்டுடுங்க."

விக்காரர் அதை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை அவிழ்க்காமல் பின்னலோடு கொண்டுபோய் நீட்டினார்.

"அட! வேலைக்குக் கிளம்புற பொம்பளை மாதிரி இருக்கு. இதுதாண்ணே பயம்! யாரு பின்னினது?"

"வீட்டுல."

அன்று மாலை பெட்டிக்குள் புதுச் சீப்பும் ஒரு ரிப்பனும் வைத்தார். "நீயே ஜெயிச்சுட்ட, போ."

காலையில் பின்னல் நுனியில் ரிப்பன் கட்டியிருந்தது. சீப்பில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது. விக்கில் இருப்பதெல்லாம் கருமுடி.

"உனக்கும் வயசாகுதா?" என்று கேட்டுவிட்டு, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.