வெல்லம் யார் பக்கம்

சங்கிலியைக் கழற்றியதும் வெல்லம் உடம்பை ஒருதரம் உலுக்கியது. உதிர்ந்த முடியில் இன்னொரு நாயைச் செய்திருக்கலாம்.

தேங்காய்க் களத்தின் இந்தக் கோடியில் நான். அந்தக் கோடியில் என் மனைவி மோகனப்பிரியா. நடுவில் நாய்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் என் மாமனாரின் தோப்பு அது. அடுத்த மாதம் கோர்ட்டில் கையெழுத்தாகிவிட்டால் அவர் மாமனார் இல்லை, வெறும் காளிச்சாமி.

கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் பெரியவர்கள் காலையிலேயே பிரித்து முடித்துவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை முறிப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் முறிப்போம்.

மிச்சம் இந்த நாய்தான்.

ஜப்பான் ஜாதி. ஷிபா என்பார்கள். பார்வைக்கு நரி, நடையில் ஜமீன்தார். நாலு வருடமாக அதன் வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

"ஏனுங்க, இதுக்கெதுக்கு இத்தன ரோசன?" என்றார் பஞ்சாயத்துப் பேச வந்திருந்த மோகனாவின் சித்தப்பா ரங்கராஜ். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா நின்னு கூப்புடட்டும். நாய் யாருகிட்டப் போகுதோ, அவுங்க ஊட்டுக்கு. அப்பறம் மறுபேச்சுக் கூடாதுங்க."

இரண்டு பக்கத்துச் சொந்தமும் தலையாட்டியது. எல்லாரும் தோட்டத்து நாய்களோடு வளர்ந்தவர்கள். ஒரு விசிலுக்கு நாலு நாய் வந்து நிற்கும் வீடுகள்.

கேட்டைச் சாத்தினார்கள். காய்கிற கொப்பரை வாசம் மூக்கில் ஏறியது.

"வெல்லம்! வா கண்ணு, அப்பாகிட்ட வா!"

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. பதினாலு பேர் முன்னால் ஒரு நாய்க்கு நான் அப்பாவானதைப் பார்த்த என் அம்மா, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெல்லம் என்னைப் பார்த்தது. கல்யாண வீட்டில் பேர் மறந்துபோன சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல.

பிறகு திரும்பி, மோகனா பக்கம் நடக்க ஆரம்பித்தது.

நான் விடவில்லை. கை தட்டினேன். சலவை வேட்டியோடு மண்டி போட்டேன். "தங்கம்! பட்டு! ராசாத்தி!" என்றேன். கல்யாணமான புதிதில்கூட என் வாயில் வராத வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

நாய் இன்னும் வேகமாக அவள் பக்கம் நடந்தது.

மோகனா வாயைத் திறக்கவே இல்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். நாயைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

இருபது அடி. பதினைந்து.

அது போய் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. இனிமேல் நாங்கள் குடியிருந்த சரவணம்பட்டி ஃப்ளாட்டின் கதவைத் திறந்தால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார ஒரு ஜீவன் இருக்காது.



நான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"அம்மணி, நீயும் கூப்புடு சாமி" என்றார் சித்தப்பா. "மாப்ள ஒருத்தரே தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருந்தா நாயமாகாது. நாளைக்கு நம்மளக் குத்தஞ் சொல்லுவாங்க."

அவள் உதடு பிரிந்தது.

நான் லேசாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம். யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

அந்தக் களத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இந்த நாலு வருடத்தில் வெல்லம் ஒருதரம்கூடக் கூப்பிட்டு வந்ததில்லை. கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் போகும். பேசாமல் நின்றால்தான், தானாக வந்து காலோடு ஒட்டி உட்காரும்.

அது கட்டிலுக்கு அடியில் படுத்தால்தான் மோகனாவுக்குத் தூக்கம் வரும். அதற்காகத்தான் இத்தனை கத்தல்.

ஐந்தடி.

மோகனா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வெல்லம்! வா! அம்மாகிட்ட வந்துரு!"

என்னைவிடச் சத்தமாக.

நான் மண்டியிட்டபடியே இருந்தேன். நாய் சட்டென்று நின்றது. திரும்பியது. என்னை நோக்கி வர ஆரம்பித்தது.

விடிகாலையில் அது போர்வையைப் பிடித்து இழுக்காவிட்டால் நான் படுக்கையை விட்டு எழவே மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவசரமாக மறுபடி கூப்பிட்டேன். அவளும் கூப்பிட்டாள். நான் கூப்பிட, அவள் கூப்பிட, இருவருக்குமே குரல் கம்மிப்போனது. வெல்லம் களத்தின் நட்டநடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கொட்டாவி விட்டது.

ரங்கராஜ் சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க. ஒரு நாயக்கூட ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க. இவுங்க எங்கீங்க சேந்து பொழைக்கறது?"