பச்சையும் பழுப்பும்

“அண்ணாத்தே, மொதலாளி உனுக்கு ஆப்பு வெச்சுட்டாரு,” என்றான் ரிச்சர்ட்.

அமல்ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “இன்னாடா சொல்ற?”

“புதுசா கேபிள் வந்துகீதே, அதுல ஒட்டுற வேலையே இல்லியாம். ரெண்டு முனையிலயும் பின்னு போட்டே கம்பெனிலேர்ந்து வருதாம். இஸ்துகினு போயி சொருவுனா முடிஞ்சிது. ஒட்டுற மெஷினையே விக்கப் போறாராம். அப்புறம் நீ எதுக்கு?”

விளையாட்டாகத்தான் சொன்னான். அமல்ராஜ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அம்பத்தூரில் வீரராகவன் நடத்தும் நெட்வொர்க் கம்பெனியில் ஃபைபர் ஒட்டுவது அவர் வேலை. ஒரு கேபிளுக்குள் பன்னிரண்டு கண்ணாடி இழைகள். தலைமுடி கனம்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீலத்தோடு நீலம், பச்சையோடு பச்சை என்று பார்த்து மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும்.

கொஞ்ச காலமாக அவருக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்று போலத் தெரிந்தன.

“எழுத்தெல்லாம் நல்லா படிக்கிறீங்க. கலர்தான் குழம்பும். இதுக்குக் கண்ணாடி கிடையாது,” என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அமல்ராஜ் இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் இழையைக் கூட உதவிக்கு வரும் ரிச்சர்டிடம் நீட்டி, “இது இன்னா கலரு, சொல்லு பாப்போம்,” என்பார், பாடம் கேட்பது போல.

“இன்னாண்ணாத்தே, ஒண்ணாங்கிளாஸ் புள்ளையாண்ட கேக்கற மாரி கேக்கற?” என்று அலுத்துக்கொண்டே அவனும் சொல்வான்.

போன மாதம் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. அன்று ரிச்சர்ட் லீவு. ஒட்டி முடித்து சுவிட்ச் போட்டால் இரண்டு கேமராவில் படம் வரவில்லை. வீரராகவனே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. அமல்ராஜின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

“பிரிச்சு மறுபடி ஒட்டணும்,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரமே புதுக் கேபிளுக்கு ஏற்பாடு நடந்தது. அமல்ராஜ் கையில் டேப்பைக் கொடுத்து, கொரட்டூரில் ஒரு அடுக்குமாடிக்கு அளவெடுக்க அனுப்பினார்கள். ஒட்டுகிறவனுக்கு டேப் பிடிக்கிற வேலை! இப்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

டீயை அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்குள் போனார். ரிச்சர்டும் பின்னாலேயே வந்தான்.

வீரராகவன் நிமிர்ந்து பார்த்தார். “டேய் ரிச்சர்ட், பேன்ட்ல பச்சை பெயின்ட்டு பாரு. எந்தச் சுவத்துல போய் சாஞ்ச?”

அமல்ராஜும் திரும்பிப் பார்த்தார். ரிச்சர்டின் பழுப்பு பேன்ட்டில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ரிச்சர்ட் துடைத்துக்கொண்டே வெளியே போனதும் அமல்ராஜ் கேட்டார். “ஒட்டுற மெஷினை விக்கப் போறீங்களாமே, சார்?”

“ஆமா, அமல். ஒட்டுறதுலயே ஒரு நாள் பூரா போயிடுது. இந்தக் கேபிள் விலை கூடத்தான். ஆனா மத்தியானத்துக்குள்ள ஒரு கட்டடம் முடிஞ்சிடும். சாயந்திரம் இன்னொண்ணு ஆரம்பிக்கலாம்.”

“அப்ப நான்?”

வீரராகவனின் போன் அடித்தது. “நீ கொரட்டூரை முடிச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்,” என்று அதை எடுத்துக்கொண்டார்.

வேனில் அமல்ராஜ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த வயதில் வேறு கம்பெனிக்குப் போனால், முதல் நாளே பன்னிரண்டு நிறத்தையும் கையில் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். அன்றைக்கே தெரிந்துபோகும்.

“சும்மா கலாய்ச்சேன் அண்ணாத்தே. அதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வெச்சிகினு வர்ற?” என்றான் ரிச்சர்ட்.

கொரட்டூரில் மேல்மாடி வரைக்கும் கேபிளை இழுத்தார்கள். அமல்ராஜ் எடுத்த அளவு கச்சிதமாக இருந்தது. நடுவில் வெட்டி ஒட்டக்கூடாத கேபிள் இது. ஒரு முழம் குறைந்திருந்தாலும் மொத்தமும் வீணாகியிருக்கும்.

ரிச்சர்ட் கீழ் முனையின் உறையைப் பிரித்தான்.

“அய்யே! இன்னாண்ணாத்தே இது, கலரே இல்ல?”

பின் போட்ட பன்னிரண்டு வாலும் வெள்ளை. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வளையம், வளையத்தில் கொட்டை எழுத்தில் நம்பர்.

ரிச்சர்ட் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். “சார், கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். எல்லாம் வெள்ளையா கீது, வெறும் நம்பருதான். திருப்பி அனுப்பிடட்டா?”

“அனுப்பாதடா. நான்தான் அப்படிச் செஞ்சு தரச் சொன்னேன். அமல் பக்கத்துல இருக்காரா? அவரையே சொருகச் சொல்லு. இனிமே எல்லாக் கட்டடத்துக்கும் அளவு எடுக்கிறது, முடிச்சுக் குடுக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு.”

அமல்ராஜ் ஒரு வளையத்தைத் திருப்பி நம்பரைப் படித்தார்.

“அது சரி சார், கலரு ஏன் வாணாம்னீங்கோ?”

“எனக்கு இப்பல்லாம் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத் தெரியுதுடா,” என்றார் வீரராகவன். “வயசாவுதில்ல?”